முதலில் துப்பாக்கியைக் கொடு

ஆஸ்திரேலியாவில் மனைவியை மிரட்டும் கணவர் துப்பாக்கி லைசென்ஸையும் இழக்கிறார். சட்டம் கெடுபிடியானதுதான். ஆனால் ஓட்டைகளும் இருக்கின்றன.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மனைவி கொடுத்த புகாரால் நீதிமன்றப் படியேறும் விவசாயிக்கு ஒரு சுலபமான வழி உண்டு. "குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் உத்தரவுக்குச் சம்மதிக்கிறேன்" என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிவிடலாம். சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. குற்றவாளி என்ற பெயரும் வராது. ஆனால் இறுதி உத்தரவு பிறந்ததுமே சட்டத்தின் பார்வையில் அவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடை செய்யப்பட்டவர். நரியும் முயலும் சுட வைத்திருக்கும் ரைபிள் போகும். தாத்தா விட்டுச்சென்ற இரட்டைக்குழலும் போகும். உத்தரவு காலாவதியான பிறகும் 5 ஆண்டுகளுக்கு இந்தத் தடை நீடிக்கும்.

அங்கே இதற்குப் பெயர் 'இன்டர்வென்ஷன் ஆர்டர்'. அருகில் போகாதே, அடிக்காதே, மிரட்டாதே என்று நீதிமன்றம் போடும் பாதுகாப்பு உத்தரவு. 2008இல் வந்த குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டப்படி இது சிவில் விவகாரம். கொலை வழக்கைப் போல சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. புகார் உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று மாஜிஸ்திரேட் நம்பினால் போதும். உத்தரவை மீறினால்தான் அது குற்றம், சிறை எல்லாம். பணத்தைப் பூட்டி வைத்து ஆட்டிப்படைப்பதையும் வன்முறை என்றே இந்தச் சட்டம் சொல்கிறது.

நீதிமன்றம் கூடும்வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. நள்ளிரவில் வீட்டுக்கு வரும் போலீசாரே பாதுகாப்பு நோட்டீஸ் கொடுத்து, துப்பாக்கியை ஒப்படைக்கும்படி உத்தரவிடலாம். வாரண்ட் இல்லாமலே வீட்டைச் சோதனையும் போடலாம். இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் இருக்கும் துப்பாக்கி வெடிக்க வேண்டும் என்பதில்லை. சண்டை நடந்த அன்று கணவன் அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாலே போதும். பக்கத்து வீடு பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பண்ணையில் அதன் அர்த்தம் மனைவிக்குப் புரியும்.

இந்த ஐந்தாண்டுக் கணக்கின் மூலம் ஒரு படுகொலை. 1996 ஏப்ரல் 28 அன்று டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தர் சுற்றுலாத் தலத்தில் தனி ஆசாமி ஒருவன் தொடங்கிய வெறியாட்டத்தில் 35 பேர் மாண்டார்கள். பிரதமர் ஜான் ஹோவர்டு பதவியேற்று அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மே 10 அன்று எல்லா மாநில அரசுகளையும் ஒரே ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தார். எதிர்ப்பு பலமாக இருந்தது. ஜூனில் விக்டோரியாவின் சேல் நகரில் துப்பாக்கி ஆதரவாளர்கள் மத்தியில் பேசப் போனபோது கோட்டுக்குள் குண்டு துளைக்காத உடை அணிந்திருந்தார் பிரதமர்! அரசு விலை கொடுத்து வாங்கி அழித்த துப்பாக்கிகள் 6 லட்சத்துக்கும் அதிகம். தற்காப்புக்கு என்று சொல்லி இனி லைசென்ஸ் கேட்க முடியாது என்றானது. அதே ஒப்பந்தத்தில் ஒரு வரி: கடந்த 5 ஆண்டுகளில் குடும்ப வன்முறைக்காகத் தடை உத்தரவு பெற்றவருக்கு லைசென்ஸ் கிடையாது, இருந்தால் ரத்து. அன்று செமி-ஆட்டோமேடிக் தடை கிளப்பிய கூச்சலில் இந்த வரி பெரிதாகப் பேசப்படவில்லை.

துப்பாக்கி உரிமையை அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கும் அமெரிக்காவில் இதே விஷயத்துக்கு உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. டெக்சாஸைச் சேர்ந்த ஜாக்கி ரஹீமி மீது அவருடைய முன்னாள் காதலியின் புகாரில் 2020இல் தடை உத்தரவு பிறந்தது. பிறகு அடுத்தடுத்து நடந்த துப்பாக்கிச் சூடுகளை விசாரித்த போலீசார் அவர் வீட்டில் பிஸ்டலையும் ரைபிளையும் கண்டெடுத்தார்கள். அந்தத் தடை உத்தரவின் நகலும் அங்கேயே இருந்தது. இப்படிப்பட்டவரிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்று 2024 ஜூனில் 9 நீதிபதிகளில் 8 பேர் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் இந்த வாதத்துக்கே இடமில்லை. அங்கே துப்பாக்கி உரிமையல்ல, சலுகை.

ஆனாலும் அந்தச் சலுகையை எளிதில் விட யாருக்கும் மனம் வருவதில்லை. பேரம் நடப்பது நீதிமன்ற வராந்தாவில். உத்தரவு வேண்டாம், ஒழுங்காக நடந்துகொள்கிறேன் என்று எழுத்துமூலம் உறுதிமொழி தருகிறேன் என்பார் கணவர். மனைவி அதை ஏற்றுக்கொண்டால் இறுதி உத்தரவு கிடையாது. தானாக வரும் துப்பாக்கித் தடையும் கிடையாது. உறுதிமொழியை மீறினாலும் அது குற்றமாகாது. பெண் மறுபடி நீதிமன்றம் வர வேண்டியதுதான். பண்ணையே பிழைப்பு, துப்பாக்கி இல்லாவிட்டால் அடிபட்ட மாட்டைக்கூடக் கருணைக்கொலை செய்ய முடியாது என்ற வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. இதற்காகவே தடையிலிருந்து விலக்குக் கேட்டு நீதிமன்றம் போகவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆனால் வராந்தா பேரத்தில் அந்த வாதத்தின் பாரம் பெரும்பாலும் மனைவியின் தலையில்தான் விழுகிறது.

உத்தரவே இல்லாத இடத்தில் சட்டம் இன்னும் தடுமாறுகிறது. 2018 ஜூலையில் சிட்னியில் ஒரு தந்தை, பிரிந்து வாழ்ந்த மனைவியின் வீட்டுக்குள் புகுந்து தன் இரு குழந்தைகளையும் சுட்டுக் கொன்றார். துப்பாக்கிகள் சட்டப்படி வாங்கியவை. பழைய புகார்கள் போலீஸ் கம்ப்யூட்டரில் வரிசையாக இருந்தும் அவருக்கு அனுமதி கிடைத்திருந்தது. இந்த மரணங்களைத் தடுத்திருக்க முடியும் என்றது 2021இல் வெளியான மரண விசாரணை முடிவு. 2024 மே மாதம் பெர்த் நகரில் முன்னாள் மனைவியைத் தேடிப்போன ஒருவர், அவருடைய தோழியையும் தோழியின் மகளையும் சுட்டுக் கொன்றார். அப்பாவின் துப்பாக்கிகளைப் பற்றி முன்பே போலீசாரிடம் எச்சரித்தோம் என்று பகிரங்கமாகச் சொன்னார் அவருடைய மகள். ஒருவர் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதற்கு மேற்கு ஆஸ்திரேலியா அடுத்த மாதமே சட்டத்தில் உச்சவரம்பு கட்டியது.

2017 நவம்பர் முதல் ஒரு மாநிலத்தின் பாதுகாப்பு உத்தரவு நாடு முழுக்கச் செல்லும். துப்பாக்கிப் பதிவேடுகளோ மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. நாட்டுக்கெல்லாம் ஒரே பதிவேடு அமைப்பது என்று அரசுகள் முடிவெடுத்தது 2023 டிசம்பரில்தான். போர்ட் ஆர்தர் சம்பவம் நடந்து 27 ஆண்டுகளுக்குப் பிறகு.

இந்தியாவில்? 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட் பாதுகாப்பு உத்தரவு போடலாம். வன்முறையில் பயன்பட்ட ஆயுதத்தைப் பறிமுதல் செய்யும்படி பாதுகாப்பு அதிகாரிக்குச் சொல்லலாம். ஆனால் அந்த உத்தரவால் துப்பாக்கி லைசென்ஸ் தானாக ரத்தாகாது. அது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் மாவட்ட கலெக்டரின், பெருநகரங்களில் போலீஸ் கமிஷனரின் அதிகாரம். நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கிய பெண், லைசென்ஸை ரத்து செய்யச் சொல்லி அங்கேயும் ஒரு மனு கொடுக்க வேண்டியிருக்கும்.