உங்களுக்குத் தெரியுமா? கரி தரும் சுவை

● வெடியுப்பு, கந்தகம், கரித்தூள்: விஸ்வநத்தம் பட்டாசுத் தொழிலாளர்கள் நன்கறிந்த இந்தக் கருமருந்துக் கலவைதான் ஒரு காலத்தில் இங்கிலாந்தில் மதுவின் வலுவைச் சோதித்தது. மதுவில் நனைத்த மருந்து தீப்பற்றினால் வலு போதும். பற்றாவிட்டால் தண்ணீர் அதிகம். இன்றைய கணக்கில் அந்த எல்லை சுமார் 57% ஆல்கஹால். இந்திய பாட்டில்களில் காணும் ‘75 டிகிரி புரூஃப், 42.8%’ என்ற குறிப்பு அந்த அளவுமுறையின் தொடர்ச்சியே.

● அமெரிக்க பர்பன் விஸ்கிக்கும் கரி முக்கியம். குறைந்தது 51% மக்காச்சோளம் சேர்த்துக் காய்ச்சி, உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் வைக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

● சில பர்பன் வகைகளுக்குக் கூடுதல் ஓக் உண்டு. ‘மேக்கர்ஸ் மார்க் 46’ வகைக்குப் பீப்பாய்க்குள் வாட்டிய பிரெஞ்சு ஓக் பலகைகள் 10. ‘உட்ஃபோர்ட் ரிசர்வ் டபுள் ஓக்ட்’ வகைக்கு இரண்டாவது பீப்பாய்.

● விஸ்கியை மதிப்பிடுவோர் நிறம், மணம், சுவை, பின்சுவை என வரிசையாகப் பார்ப்பார்கள். வெனிலா மணமும் தேங்காய் மணமும் ஓக்கின் கொடை. துவர்ப்பு நாக்கை உலர்த்தி, தானியத்தின் இனிப்பை மறைத்தால் மரம் மிகுந்துவிட்டது.

● வெயில் மரத்தின் தாக்கத்தையும் ஆவியாதலையும் விரைவுபடுத்தும். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2% ஆவியாகும். பெங்களூரு அம்ருத் ஆலையில் 10 சதவீதத்துக்கும் மேல்.