சிலைக்குப் பின்னால் ஒரு பெண்

சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்றும் நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் முதல் படம், 1937இல் வந்த ‘சதி அகல்யா’. புராணப் படத்தில் கடவுளின் குணத்தை மாற்றுவது லேசில்லை. டிக்கெட் எடுத்தவருக்கே கதை தெரியும். கற்பனை ராஜ்ஜியத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அங்கே எந்தச் சாமி, எப்படிப்பட்ட சாமி என்பதை எழுதுகிறவரே தீர்மானிக்கலாம்.

1950இல் அதே நிறுவனம் ‘மந்திரி குமாரி’யில் முல்லை நாட்டைப் படைத்தது. அரசனையே ஆட்டிவைக்கும் ராஜகுரு. அவர் மகன் பார்த்திபன் கொள்ளைக்காரன். தளபதி வீரமோகனாக நடித்த எம்.ஜி.ஆர். அவனைப் பிடித்துவந்து சபையில் நிறுத்துகிறார். தீர்ப்பைக் கோயிலில் இருக்கும் தேவியிடமே விட்டுவிடலாம் என்கிறார் ராஜகுரு. தேவியும் வாய்திறந்து, பார்த்திபன் குற்றமற்றவன் என்கிறாள். உண்மையில் பேசியது, சிலைக்குப் பின்னால் ஒளிந்திருந்த மந்திரி மகள் அமுதவல்லி. அரசன் நம்பிவிடுகிறான்; நாட்டைவிட்டுத் துரத்தப்படுவது தளபதி. அகல்யாவின் கதையில் சாபமும் பலிக்கும், விமோசனமும் பலிக்கும். பதின்மூன்று ஆண்டுகளில் அதே நிறுவனத்தின் படத்தில் தெய்வ வாக்கு சூழ்ச்சிக்காரர் கையில் ஒரு கருவியாகிவிட்டது.

இந்தக் கதையின் வேர் குண்டலகேசி. அந்தப் பௌத்தக் காப்பியத்தில் நமக்குக் கிடைத்திருப்பவை 19 பாடல்கள்தாம். கதையை நீலகேசி உரை சொல்கிறது. மணந்த கள்வனை நாயகி ஊடலில் ‘கள்வன்’ என்றுவிட, அந்த ஒரு சொல்லுக்காக அவன் அவளை மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். பாலி மரபில் அவன் கண் நகைமேல். அங்கே அவன் புரோகிதர் மகனும்கூட. இரண்டிலும் தள்ளிவிடுகிறவள் அவள்தான். பிறகு ஊர் ஊராக வாதம் செய்து, சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தத் துறவியாகிறாள். அதோடு விட்டார்களா? சமணர்கள் நீலகேசி என்றொரு நாயகியைப் படைத்து, வாதத்தில் குண்டலகேசியைத் தோற்கடித்தார்கள். பாத்திரத்தைப் பாத்திரத்தாலேயே வெல்வது நம்மூரில் பழைய வழக்கம்.

சமயங்களுக்கிடையே நடந்த அந்தச் சண்டை 1950இன் சண்டை இல்லை. புரோகித அதிகாரத்தைத் திராவிட இயக்கம் கேள்வி கேட்ட காலம் அது. படத்தில் மலையுச்சி அப்படியே தங்கியது. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய டூயட்டோடு இன்றும் நினைவிலிருக்கிறது. மாறியது கோயில். கற்பனை உலகைப் படைத்த ஆங்கில எழுத்தாளர் டோல்கீனும் தன் ஆரம்ப வரைவுகளில் பிள்ளைகுட்டியோடு தேவர்களை எழுதி, பிற்பாடு அவர்களைத் தேவதூதர்கள் போன்ற சக்திகளாக்கினார். அந்தத் தேவர்களின் தலைவன் மன்வேயின் மகனாக இருந்தவன் கடைசியில் அவனுக்குத் தூதன் ஆனான். அவர் மாற்றியது தன் மனத்துக்காக. சேலத்தில் மாற்றியது கொட்டகையில் உட்கார்ந்திருந்த கூட்டத்துக்காக.

சாமியை மாற்றுவது கல்லிலும் நடந்திருக்கிறது. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக வழிபடப்பட்ட சிலையைத் தொல்லியல் துறை ஆய்வு செய்தது. அமர்ந்து தியானிக்கும் கோலம், துண்டிக்கப்பட்டு மறுபடி ஒட்டவைத்த தலை. அது புத்தர் என்ற முடிவை ஏற்று, சிலையைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் உத்தரவிட்டது. புத்தரை முனியப்பனாக்கியவர்கள் யாரென்று எந்த ஏட்டிலும் இல்லை. முல்லை நாட்டுத் தேவியைப் பேசவைத்தவருக்கு மட்டும் படத்திலேயே பெயர் போட்டிருக்கிறார்கள்: வசனம், மு.கருணாநிதி.