குறைகடத்திக் கணக்கு ஒருங்குமாறு

கோவிற்பட்டியைச் சூழ்ந்த கரிசற் பூமியில், பருத்தியும் கம்பும் விளையும் புலங்களினிடையே, இஞ்ஞான்று சூரிய மின்தகடுகளும் நிரைநிரையாக நிற்கின்றன. கீழ்பால் இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நிலையம் 648 மெகாவாட் ஆற்றலுடையது. இத்தகடுகளின் உள்ளீடு சிலிக்கன் என்னும் குறைகடத்தி. அதனைச் செய்து செய்து திருத்துவதினும், கணிப்பொறியிற் கணக்கிட்டுத் திருத்துதல் செலவு குறைந்தது. ஆயின் அக்கணக்கு எளிதில் விடை தருவதன்று. அஃது ஏன் முரண்டுகின்றது என்பதனை, யாம் தமிழ் பயில்வோராதலின், குறியீடுகளை விடுத்துச் சொல்லாற் கூறப் புகுகின்றோம்.

கணக்கிற்குரிய சமன்பாடுகள் மூன்று. மின்னேற்றம் நிற்கும் நிலைக்கேற்ப மின்னழுத்தம் அமையும் என்பது ஒன்று. ஏனை இரண்டும் எலக்ட்ரான்களுக்கும் துளைகளுக்கும் உரிய வரவு செலவுக் கணக்குகள். அழுத்தம் ஏற்றங்களைப் பரப்புகின்றது. அப்பரப்பே அழுத்தத்தை ஆக்குகின்றது. ஒன்றை அறியாது மற்றொன்றை அறிதல் கூடாமையின், கணிப்பொறி ஓர் ஊகத்தை வைத்து அதனை மீண்டும் மீண்டும் திருத்துகின்றது. திருத்தங்கள் வரவரச் சிறுத்து ஒழிந்து, ஊகம் விடையாதலே ஒருங்குதல் எனப்படும்.

இடர்ப்பாடு யாதெனின், அறை வெப்பத்தில் அழுத்தம் 0.06 வோல்ட் மாறினாலே எலக்ட்ரான் அடர்த்தி பத்து மடங்கு மாறிவிடும். ஊகம் 1 வோல்ட் பிழைத்தால், அடர்த்தி 10,000,000,000,000,000 மடங்கினும் மிகுதியாகப் பிழைக்கும்! குளிரில் நிலைமை இன்னுங் கொடிது. 77 கெல்வினில் 0.015 வோல்ட்டே பத்து மடங்கிற்குப் போதும். எம்மூர் வெயிலைப் புகழ எமக்குக் கிடைத்த காரணம் இஃதொன்றே.

17-ஆம் நூற்றாண்டில் நியூட்டனும் ராப்சனும் கண்ட முறை, ஊகித்த இடத்தில் வளைகோட்டிற்குத் தொடுகோடு வரைந்து, அது காட்டும் திசையிற் பாய்வது. விடையின் அண்மையில் அதற்கு நிகரில்லை. சரியான இலக்கங்கள் இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். சேய்மையிலோ, கோடு தட்டையாயிருக்குமிடத்துத் தொட்டு, எல்லை கடந்து எங்கோ போய் விழும். ஆதலின் பாய்ச்சலைத் தணித்தல் வேண்டும். அதனினும் சிறந்தது, தொடங்குமிடத்தை நன்கு தேர்தல். புறத்தே அழுத்தம் யாதுங் கொடாத சமநிலையை முதலிற் கண்டு, பின்னர்ச் சிறிது சிறிதாக அழுத்தத்தை உயர்த்தி, ஒரு படியின் விடையை அடுத்த படிக்கு ஊகமாக்குக. இடையில் ஒரு படி தவறின், அதனைப் பாதியாக்கி மீண்டும் முயல்க. ஆழ்ந்த கிணற்றிற் படிவழி இறங்குவான் போல்வது இது.

1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துக் கும்மெல் என்பார், மூன்று சமன்பாடுகளையும் ஒருங்கே தீர்க்காது ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்த்துச் சுழலும் முறையைக் கண்டார். அது முதல் ஊகம் தவறினும் பொறுத்துக்கொள்ளும். மின்னோட்டம் மிகுந்தவிடத்தோ நத்தையாகும். ஆகவே கும்மெலில் தொடங்கி நியூட்டனில் முடிப்பார் பலர்.

எங்கே கணக்கிடுவது என்பதும் ஒரு வினா. மின்தகட்டின் கனம் ஏறத்தாழ 180 மைக்ரோமீட்டர். சந்தியில் மின்புலம் நிற்கும் பகுதியோ ஒரு மைக்ரோமீட்டரினும் குறைவு. அங்கே கணுக்களை நெருக்கியும் பிறவிடத்து அகற்றியும் வைத்தல் முறை. நெருக்கினும், இரு கணுக்களுக்கிடையே அடர்த்தி நேர்கோடாக மாறுமெனக் கொள்ளின் விடை ஊசலாடி, அடர்த்தி சுழிக்குங் கீழே போகும். இல்லாத எலக்ட்ரானினும் குறைந்த எலக்ட்ரான் யாண்டு உளது? 1969-இல் ஷார்ஃபெட்டரும் கும்மெலும், கணுக்களிடையே நேர்கோடாவது அடர்த்தியன்று என்று துணிந்து, மின்னோட்டம் மாறாதெனக் கொண்டு, அடர்த்தியை அதற்கேற்ப மடங்கு மடங்காக வளரவிட்டனர். இன்றும் இத்துறையின் கணக்குகள் பெரும்பாலும் அவ்வழியே செல்கின்றன.

இனி, விடை வந்துவிட்டதென எவ்வாறு துணிவது? 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற எம்மூர்க் கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சுவோர், கொதியை மட்டும் நம்பார். ஒரு துளியை நீரில் விட்டுப் பதம் பார்ப்பர். ஈண்டும் திருத்தம் சிறுத்தது என்பது போதாது. பாய்ச்சலை நாமே தணித்தமையால் அது சிறுத்திருக்கலாம் அன்றோ? ஒரு முனையிற் புகுந்த மின்னோட்டம் மறுமுனையிற் குறையாது வெளிப்படுகின்றதா எனப் பார்க்க. வேறுபடின், அடுப்பை விட்டு இறக்கற்க.