மலையாற்றில் படகுப் பயணம்

தோட்டத்தில் வளரும் நமக்கு ஆறும் ஓடையும் புதியவை அல்ல. ஆயினும் சமவெளியில் ஊர்ந்து செல்லும் ஆறு வேறு; பாறைகளில் மோதி நுரைத்து இறங்கும் மலையாறு வேறு. காற்றடைத்த ரப்பர்ப் படகில் மலையாற்றில் செல்வது இன்று பலரும் விரும்பும் விளையாட்டாகும். நீலாயிலிருந்து ஒரே நாளில் சென்று வரத்தக்க இடம், சிலாங்கூர் மாநிலத்துக் கோலகுபு பாரு. பிரேசர் மலைப் பகுதியில் தோன்றும் சிலாங்கூர் ஆறு அதனருகே பாய்கிறது.

‘பாரு’ என்னும் மலாய்ச் சொல்லுக்குப் ‘புதியது’ என்பது பொருள். 1883ஆம் ஆண்டில் மேட்டிலிருந்த அணை உடைந்து, பழைய ஊரை வெள்ளம் அழித்தது. அதிகாரி சிசில் ரேங்கிங் உட்படப் பலர் மாண்டனர். பின்னரும் வெள்ளம் தொடர்ந்தமையால் ஊரே மேட்டு நிலத்திற்கு மாற்றப்பட்டது. மலையாற்றை எளிதாக எண்ணலாகாது என்பதற்கு அவ்வூரின் பெயரே சான்று.

ஆற்றின் விரைவோட்டத்தை உலக வழக்கில் 6 படிகளாகப் பிரிப்பர். முதற்படி அமைதியானது, 3ஆம் படியில் படகைத் திருப்பும் திறமை வேண்டும், 6ஆம் படி உயிருக்கே கேடு. மழைக்குப்பின் அதே ஆறு மேற்படிக்கு ஏறிவிடும். எனவே முன்பு சென்றுவந்தோர் சொல்லை மட்டும் நம்பாது, அன்றைய நீர்மட்டத்தை வழிகாட்டியிடம் கேட்டறிய வேண்டும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலில் இடிமழை மிகுதி. ஆதலால் காலைப் பயணமே நன்று.

மிதவைச் சட்டை உடலோடு பொருந்த வேண்டும். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் அது முகத்திற்கு ஏறுமாயின் பயனில்லை. தலைக்கவசமும் கட்டாயம். நீரில் விழுந்தால் விரைவோட்டத்தில் எழுந்து நிற்க முயலக்கூடாது. பாறையிடுக்கில் கால் சிக்கிக்கொள்ளும். மல்லாந்து, கால்களை நீரோடும் திசையில் நீட்டி மிதக்க வேண்டும்.

நாம் நிற்குமிடத்தில் வெயில் காய, மலையுச்சியில் மழை கொட்டலாம். அந்நீர் திடீரெனத் திரண்டு வருவதையே மலாயில் ‘கெப்பாலா ஆயேர்’ என்பர். தெளிந்த நீர் கலங்கினாலும், இலைதழைகள் மிதந்து வந்தாலும், இரைச்சல் பெருகினாலும் உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். கரையிலுள்ள பொருளை எடுக்கத் திரும்பலாகாது. ஆற்றில் குளிக்கச் செல்லும் நாளிலும் இது நமக்குப் பொருந்தும்.

பேருந்துக்குப் பணம் கட்டிவிட்டோமே என்னும் எண்ணம் பலரை ஆற்றில் இறக்கிவிடுகிறது. ஆகவே மாற்று நாளையும் முன்னரே குறித்துக்கொண்டு புறப்படுவோம். ஆறு நாளையும் ஓடும். பிள்ளைகள் அனைவரும் வீடு திரும்புவதே நல்ல பயணம்.