பாதியில் நின்ற இங்கிலீஷ் படிப்பு

ஆயுள் இன்ஷூரன்ஸ் எடுத்த அங்கத்தினர் ஒருவர் சில வருஷம் பணம் கட்டியபின் மேலும் கட்ட இயலாமற் போனால், பத்திரத்தை ஒப்படைத்து ஒரு தொகையைப் பெற்றுக்கொள்ளலாம். கட்டியது முழுவதும் வீணாவதில்லை. அவருடைய மகன் ஐந்து வருஷம் இங்கிலீஷ் படித்துவிட்டு, குடும்ப நெருக்கடியால் பள்ளியை விட்டு நின்றால், அவன் கையில் மிஞ்சுவது என்ன? இக்கேள்வியை இதே உவமையைக் கொண்டு எழுப்பியவர் மைக்கேல் வெஸ்ட் என்னும் கல்வி அதிகாரி.

1912-இல் இந்தியக் கல்வி இலாகாவில் சேர்ந்த வெஸ்ட், பின்னர் டாக்காவில் உபாத்தியாயர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராயிருந்தார். வங்காளச் சிறுவர் இரு பாஷைகளிடையே படும் பாட்டை ஆராய்ந்து 1926-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். சிறுவர்களிற் பெரும்பாலோர் கடைசி வகுப்பை எட்டுவதில்லை. பாடத்திட்டமோ எட்டுகிறவனை உத்தேசித்தே வகுக்கப்பட்டிருந்தது. பேச்சும் கட்டுரையும் அரைகுறையாய் நின்றுவிட்டால் பிரயோஜனம் சொற்பம். வாசிக்கும் திறமையோ அப்படியன்று. எவ்வளவு வந்ததோ அவ்வளவும் லாபம். புஸ்தகம் கிடைத்தால் பள்ளியை விட்ட பிறகும் அது தானே வளரும். ஆகவே கிராமத்துப் பிள்ளைக்கு முதலில் வாசிப்பையே கொடுக்க வேண்டும் என்பது அவர் முடிவு.

இதற்குத் தடையாயிருந்தவை அக்காலத்து வாசக புஸ்தகங்களே. பக்கத்துக்குப் பக்கம் புதுச் சொற்கள். அவற்றிற் பல வழக்கொழிந்த செய்யுட் சொற்கள். தீவுக்கு 'ஐலண்டு' என்ற சாதாரணச் சொல் இருக்க, 'ஐல்' என்பதைச் சிறுவன் நெட்டுருப் போட்டான். வெஸ்ட் தாம் தயாரித்த வாசகங்களில் இத்தகைய சொற்களை நீக்கினார். புதுச் சொற்களை இடைவிட்டு வைத்து, ஒவ்வொன்றும் பலமுறை திரும்ப வரும்படி கதையை அமைத்தார். விதையைக் குவித்துக் கொட்டாமல் பரவலாகத் தெளிப்பதன் நன்மை குடியானவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1935-இல் எண்டிகாட் என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட அகராதியில், சுமார் 24,000 பதங்களுக்கும் பொருள் சொல்ல 1,490 சொற்களே பயன்பட்டன. 1953-இல் வெளிவந்த அவருடைய பொதுச் சொற்பட்டியலில் ஏறக்குறைய 2,000 சொற்கள் உள்ளன. சாதாரண இங்கிலீஷ் நூல் ஒன்றில் நூற்றுக்கு எண்பது சொற்கள் வரை இப்பட்டியலுக்குள் அடங்கிவிடும். எந்தச் சொற்களைக் கற்பது என்ற தேர்வு எவ்வளவு முக்கியம் என்பது இதனால் விளங்கும்.

ஜப்பானில் 1922 முதல் 1936 வரை பணியாற்றிய ஹரால்டு பாமர் செவிக்கும் வாய்க்குமே முதலிடம் தந்தார். உபாத்தியாயரே சரளமாகப் பேசவல்லவராயிருந்து, வகுப்பும் சிறிதாயிருந்தால் அம்முறை சிறந்ததே. அறுபது பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்த வகுப்பில் அது நடவாது. இத்தகைய வகுப்புகளையே மனத்திற்கொண்டு வெஸ்ட் 1960-இல் ஒரு நூல் எழுதினார். அவர் கூறிய உபாயங்களில் ஒன்று செலவே இல்லாதது. பிள்ளை ஒரு சொற்றொடரை மௌனமாகப் பார்க்க வேண்டும். பிறகு தலையை நிமிர்த்தி, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும். கண்ணைப் புஸ்தகத்திலேயே வைத்துக்கொண்டு ஒப்பிப்பதற்கும் இதற்கும் மிகுந்த பேதம் உண்டு. சொற்றொடர் கண்ணிலிருந்து வாய்க்கு நேரே தாவாமல், சற்று நேரம் மனத்தில் தங்கியே வருகிறது.

வாசிப்பின் பயனுக்கு மற்றோர் அத்தாட்சி, கரும்புத் தோட்ட வேலைக்குத் தமிழரும் சென்ற பிஜித் தீவிலிருந்து கிடைத்தது. 1980-இல் அங்கே கிராமப் பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளிற் சிலவற்றுக்கு எளிய இங்கிலீஷ் கதைப் புஸ்தகங்கள் 250 வீதம் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளின் வீட்டு மொழி பிஜியனோ ஹிந்தியோதான். சில வகுப்புகளில் உபாத்தியாயர் கதையை உரக்கப் படித்துக் காட்டி, பிள்ளைகளுடன் அதைப்பற்றிப் பேசினார். மற்றவற்றில் பிள்ளைகள் தினந்தோறும் சிறிது நேரம் மௌனமாக வாசித்தார்கள். எட்டு மாதத்தில் இவர்கள் வாசிப்பிலும், கேட்டு அறிவதிலும் வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறினதாக எல்லி, மங்குபாய் என்னும் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள்.

சங்கம் செய்யக்கூடியது இங்கேதான் இருக்கிறது. உபாத்தியாயரை நியமிப்பது அதன் அதிகாரத்தில் இல்லை. ஒரு பெட்டி புஸ்தகம் வாங்குவது அதன் சக்திக்கு உட்பட்டதே. 1912-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டமே, நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கைச் சேமநிதிக்கு ஒதுக்கியபின், மிச்சத்தில் நூற்றுக்குப் பத்து வரை கல்வி முதலிய தர்ம காரியங்களுக்கு ரிஜிஸ்டிராரின் அனுமதியுடன் கொடுக்க இடம் தந்தது. இப்போது அந்தந்த மாநிலத்துச் சட்டத்தையும் சங்கத்தின் உபவிதிகளையும் பார்த்து, பொதுச்சபையில் தீர்மானம் செய்துகொள்ள வேண்டும்.

புஸ்தகம் தெரிந்தெடுப்பதில்தான் தவறு நேரும். தடித்த அட்டையும் பொன்னெழுத்தும் உள்ளவை அலமாரிக்கு அழகு, பிள்ளைகள் தொடமாட்டார்கள். நூறு சொற்களில் இரண்டுக்கு மேல் தெரியாதவையாயிருந்தால் துணையின்றி வாசிப்பது கடினம் என்று பிற்கால ஆராய்ச்சிகள் கூறுகின்றன. வாங்குமுன் ஒரு பையனிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்துத் தெரியாத சொற்களை விரல் மடக்கி எண்ணச் சொன்னால் போதும். விரல்கள் சீக்கிரம் மடங்கினால் அப்புஸ்தகத்தைக் கடைக்காரரிடமே விட்டுவிடலாம். வாங்கியவற்றைக் கடன் பேரேட்டைப்போல் ஒரு நோட்டில் பதிந்து, வாரம் ஒருமுறை மாற்றிக் கொடுக்க வேண்டும். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் பெயரும் அந்நோட்டில் இருக்க வேண்டும். கிழிந்து திரும்பி வரும் புஸ்தகத்துக்கு அபராதம் விதிக்கலாகாது. அதே புஸ்தகத்தில் இன்னும் ஒரு பிரதி வாங்க வேண்டும்.