பட்டியலில் இல்லாத பெயர்!

குட்டிச் செல்லங்களே! விளையாட்டு விழா வந்துவிட்டால் பள்ளியே களை கட்டும், இல்லையா? ஆனால், ஆசிரியராக இருந்த நாளில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. தொடர் ஓட்டத்துக்கு நான்கு பேரைத்தான் எடுக்க முடியும். பெயர் படித்து முடித்ததும், ஐந்தாவது பிள்ளையின் முகம் வாடிவிடும். ஒலிம்பிக்கிலேயே அப்படி ஒரு கதை நடந்திருக்கிறது. கேளுங்கள்!

அடியில் கூரிய இரும்புத் தகடு பொருத்திய காலணியோடு, பனிக்கட்டித் தரையில் இசைக்கேற்பச் சுழன்றும் தாவியும் ஆடுவதுதான், 'ஃபிகர் ஸ்கேட்டிங்.' குளிர்கால ஒலிம்பிக்கில் இதற்கான குழுப்போட்டி, 2014ல் ரஷ்யாவின் சோச்சி நகரில்தான் முதன்முதலாக நடந்தது.

மொத்தம் 10 நாடுகள். ஆண்கள் ஒற்றையர், பெண்கள் ஒற்றையர், இரட்டையர், ஜோடி நடனம் என நான்கு பிரிவுகள். ஒவ்வொன்றிலும் முதலில் சிறிய ஆட்டம். பிறகு நீண்ட ஆட்டம். முதலிடத்துக்கு 10 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 9 என்று இறங்கிக்கொண்டே போகும். சிறிய ஆட்டங்கள் முடிந்ததும், முதல் ஐந்து நாடுகளுக்கு மட்டுமே நீண்ட ஆட்டம்.

'நன்றாக ஆடுபவரை அனுப்பினால் போதாதா?' என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல்! குழுப்போட்டி முடிந்த சில நாட்களிலேயே, தனிப் பதக்கத்துக்கான போட்டிகள் தொடங்கிவிடும். எல்லாவற்றிலும் ஆடினால் உடல் களைத்துவிடும். அதனால், சிறிய ஆட்டத்துக்கு ஒருவர், நீண்ட ஆட்டத்துக்கு வேறொருவர் என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால், இரண்டு பிரிவுகளில் மட்டுமே!

ரஷ்யா அந்த இரண்டு வாய்ப்புகளையும் இரட்டையருக்கும், ஜோடி நடனத்துக்கும் பயன்படுத்தியது. இரட்டையர் பிரிவில் வோலோசோஷரும் டிரான்கோவும் சிறிய ஆட்டத்தோடு ஓய்வெடுத்தனர். அடுத்த சில நாட்களில் தனிப் பதக்கப் போட்டியில் தங்கம் வென்றனர். நல்ல கணக்குத்தானே!

ஆனால், மிச்சமிருந்த ஆண்கள், பெண்கள் பிரிவுகளில் ஒருவரே இரண்டு முறையும் ஆட வேண்டியதாயிற்று. பெண்களில் யாரை அனுப்புவது? ரஷ்ய தேசியப் போட்டியில் வென்றவர், 17 வயது அடெலினா சோட்னிகோவா. அடுத்த மாதமே ஐரோப்பியப் போட்டியில் அவரை முந்தியவர், 15 வயது யூலியா லிப்னிட்ஸ்காயா. இருவருமே தகுதியானவர்கள், இடமோ ஒன்று. யூலியாவின் பெயர் வந்தது. அடெலினாவின் பெயர் வரவில்லை.

யூலியா இரண்டு ஆட்டத்திலும் முதலிடம் பிடித்து, 20 புள்ளிகளை அள்ளித் தந்தார். ஆண்கள் பிரிவில் 31 வயது பிளஷென்கோ, 19 புள்ளிகள் சேர்த்தார். ரஷ்யா 75 புள்ளிகளோடு தங்கம் வென்றது. ஆடிய 10 பேருக்கும் பதக்கம். அடெலினாவுக்கு இல்லை.

கதை முடியவில்லை, குட்டீஸ்! நான்கு நாட்கள் கழித்து ஆண்கள் தனிப்போட்டி. ஏற்கனவே முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் பிளஷென்கோ. பயிற்சியின்போதே வலி தாங்காமல் விலகிவிட்டார். ரஷ்யாவுக்கு அந்தப் பிரிவில் இருந்ததே ஒரு இடம்தான். அவருக்குப் பதில் ஆட ஆளே இல்லை.

அடுத்த வாரம் பெண்கள் தனிப்போட்டி. யூலியா தடுமாறி விழுந்து, ஐந்தாம் இடம் பெற்றார். தங்கம் யாருக்கு தெரியுமா? அடெலினாவுக்கு! ஒலிம்பிக் பெண்கள் ஒற்றையரில் ரஷ்யாவுக்குக் கிடைத்த முதல் தங்கமும் அதுதான்.

அப்படியானால், தேர்வு செய்தவர்கள் தவறிழைத்தார்களா? சொல்ல முடியாது. யூலியா இல்லாமல் அந்த 20 புள்ளிகள் ஏது? இருப்பது ஒரு இடம் என்றால், தகுதியுள்ள ஒருவர் வெளியே நிற்கத்தான் வேண்டும். 'இன்று இடமில்லை' என்பதற்கு, 'உனக்குத் திறமை இல்லை' என்று அர்த்தமில்லை.

அடுத்த முறை பட்டியலில் உங்கள் பெயர் இல்லையா? வருத்தமாகத்தான் இருக்கும், கொஞ்சம் அழுதாலும் தப்பில்லை. ஆனால், மறுநாள் காலை பயிற்சிக்குப் போய்விடுங்கள். உங்கள் பெயர் வந்திருந்தால், வெளியே நிற்கும் நண்பனின் தோளில் கை போட மறக்காதீர்கள். செய்வீர்கள்தானே, செல்லங்களே?