மாதிரி விமானமும் மருட்டும் சொற்களும்

ஒசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் 1990-களில் பி68சி என்னும் சிறு விமானத்தைத் தயாரித்தது. ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் ஒசூரில் அமையும் என 2024 ஜூனில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. கொத்தமல்லிக்குப் பெயர்பெற்ற சூளகிரியும் இன்று தொழிற்பூங்காக்களின் ஊர். இவ்வட்டாரத்து இளைஞர்கள் விமானவியலைக் கைப்பழக்கமாகக் கற்க எளிய வழி, ரேடியோ மூலம் இயங்கும் மாதிரி விமானம். ஆனால், ஆர்வத்தோடு வருவோரை முதலில் மருட்டுபவை அதன் கலைச்சொற்களே. அவற்றை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு சொல்லும் என்ன வேலை செய்கிறது என்று கேட்பதே சரியான முறை என்பது என் கருத்து.

முதலில் அசைவுகள். இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஏலரான், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கிறது. வாலில் கிடைமட்டமாக உள்ள எலிவேட்டர் மூக்கை உயர்த்தும், தாழ்த்தும். செங்குத்தாக நிற்கும் ரடர், படகின் சுக்கானைப் போல மூக்கை இடவலமாகத் திருப்பும். திராட்டில் என்பது மோட்டாரின் வேகம். இந்நான்கையும் கட்டுப்பாட்டுக் கருவியின் இரு குச்சிகளும் பகிர்ந்துகொள்கின்றன. 'மோடு 2' எனில் திராட்டிலும் ரடரும் இடக்கையில். 'மோடு 1' எனில் திராட்டில் வலக்கையில். வாங்கும் முன்பே இதைக் கேட்டறிய வேண்டும். கை ஒரு முறைக்குப் பழகிவிட்டால் மாற்றுவது கடினம்.

அடுத்து, மின்சாரம் சார்ந்த சொற்கள். மோட்டாரின் மீதுள்ள 'கேவி' கிலோவோல்ட் அன்று. சுமையற்ற நிலையில், ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்திற்கு எத்தனை சுற்றுகள் என்பதே அது. 1,000 கேவி மோட்டாருக்கு 11.1 வோல்ட் அளித்தால் சுமார் 11,100 சுற்றுகள். மின்கலத்தில் '3எஸ்' என்றிருந்தால், 3.7 வோல்ட் கொண்ட மூன்று அறைகள் தொடராக இணைந்துள்ளன என்று பொருள். '25சி' என்பது வெப்பநிலை அன்று. மின்கலம் தரவல்ல மின்னோட்டத்தின் அளவு. 2,200 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவை 25-ஆல் பெருக்கினால் 55 ஆம்பியர். மோட்டார் அதற்கு மேல் இழுத்தால் மின்கலம் சூடேறி உப்பும், தீப்பற்றவும் கூடும். இங்கே ஓர் எழுத்தின் பொருள் தெரியாமை வெறும் அறியாமையாக நின்றுவிடுவதில்லை.

பாதுகாப்புச் சொற்களில் இரண்டைத் தவறவிடக் கூடாது. ஒன்று, 'சிஜி' எனப்படும் எடைமையம். பொதுவாக அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, இறக்கை அகலத்தின் கால் பங்கிற்கும் மூன்றில் ஒரு பங்கிற்கும் இடையே அமையும். வால் கனத்தால் விமானம் கட்டுக்கடங்காது; மூக்குச் சற்றே கனப்பது தொடக்கநிலையினருக்குப் பாதுகாப்பு. மற்றொன்று 'ஃபெயில்சேஃப்': ரேடியோத் தொடர்பு அறுந்தால் மோட்டார் தானே நிற்கும் ஏற்பாடு. பறக்கும் முன், புரொபெல்லரைக் கழற்றிவிட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியை அணைத்து இதைச் சோதிக்க வேண்டும். அத்துடன், குச்சியைத் தன்பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலெழுகிறதா, வலப்புறம் தள்ளினால் வல ஏலரான் உயர்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சட்டத்திற்கும் தனிச்சொற்கள் உண்டு. 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள், 25 கிலோவுக்கு மேற்படாமல், கல்வி, ஆய்வு, பொழுதுபோக்கு போன்றவற்றுக்காக மட்டும், கண்பார்வை எல்லைக்குள் பறக்கவிடப்படுவதையே மாதிரி விமானம் என வரையறுக்கின்றன. வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சை மண்டலத்தில் பொதுவாக 400 அடி வரை முன்அனுமதி வேண்டியதில்லை; விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் அது 200 அடி. 'டிஜிட்டல் ஸ்கை' தளத்தின் வரைபடத்தைப் பார்த்த பிறகே எவரும் திடலுக்குச் செல்ல வேண்டும்.

இவற்றில் தமிழில் விளக்க முடியாதது எதுவுமில்லை. ஏலரான் என்ற பெயர் அப்படியே இருக்கட்டும்; அது செய்யும் வேலையைத் தாய்மொழியில் சொன்னால் போதும். இவ்வட்டாரத் தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக்குகளும் இத்தகைய தமிழ் விளக்கக் கையேட்டை மாணவருக்கு வழங்க வேண்டும். விமானத் தொழிலை எதிர்நோக்கும் பகுதியில், ஆங்கிலச் சொற்களுக்கு அஞ்சி ஒரு மாணவர் விலகிச் செல்வது அவருடைய இழப்பு மட்டுமன்று.